புகையில்லாத மூட்டம்

உக்காரு தாயி. அந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டு எம்புட்டு நேரந்தான் தொங்குவ? நான் தூக்குவாளிய மடியில வச்சுக்கிறேன், நீ உக்காரு. கண்டக்டர்கிட்ட என்னமோ கேட்டியே, புல்லு எரிக்கிற கம்பெனிக்கு எங்க எறங்கணும்னா? அவனுக்கு என்ன தெரியும், விசில் ஊதத் தெரியும். ஊரணிப்பட்டி விலக்குல எறங்கணும். நானும் அங்கதான் போறேன். வந்ததும் சொல்றேன், பேசாம வா.

மதுரையிலருந்தா வார? இத பாக்கவா? ஏந்தாயி, ஒங்க காலேசுல வேற சோலியே குடுக்கலையா? யாரப் பாக்கணும்? முனீஸ்வரி மேடமா! மேடமாம்ல. அது எம் மக. சத்தியமா எம் மகதான், மூக்கப் பாரு, இதே மூக்குத்தான் அவளுக்கும். சரி, மூக்கு என்னுது, புத்தி மட்டும் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல.

அங்க போயி என்னத்தப் பாக்கப் போற? ஒரு பெரிய இரும்பு அண்டா நிக்கும். படுக்கப் போட்ட தண்ணி டேங்கு மாதிரி, ஒரு பக்கம் கதவு. அதச் சுத்திக் குழாய் குழாயாப் போகும். பக்கத்துல ஆள் உசரத்துக்குப் புல்லு. யானைப்புல்லுங்கறாக. மாட்டுக்குப் போடுறதுக்கு வளத்தாலும் ஒரு நியாயம் இருக்கு. எரிக்கிறதுக்கு தாயி! எரிக்கிறதுக்குன்னே பயிர் வச்சிருக்கான் எம் மருமகன். நாத்து ஊனி, தண்ணி கட்டி, எரு வச்சு, வளத்து, அறுத்து, காயப்போட்டு, கட்டு கட்டி, அப்பறம் அத அண்டாவுல தள்ளித் தீ வைக்கிறது. இந்தச் சன்னல் வழியா பாரு. கண்ணுக்கு எட்டுன தூரம் சீமைக்கருவேல மரம். யாரு வச்சா? யாரு தண்ணி ஊத்துனா? வெட்ட வெட்ட மொளைக்குது, வேண்டாம்னாலும் போக மாட்டேங்குது. இம்புட்டு வெறகு சும்மா கெடக்குற ஊருல வெறகுக்கு வெள்ளாமை வைக்கிறவன என்னன்னு சொல்ல? நீ படிச்ச புள்ள, நீயே ஒரு பேரு சொல்லு.

நான் யாருன்னு தெரியுமா ஒனக்கு? மூட்டக்காரி இருளாயி. கமுதியிலருந்து சாயல்குடி வரைக்கும் எந்தக் கரிக்கடையில வேணாலும் கேளு. புருசன் போனப்ப முனீஸ்வரி இடுப்புல இருந்தா. அன்னைக்குப் புடிச்ச மண்வெட்டி. மூட்டம்னா தெரியாதுல்ல ஒனக்கு? எங்க தெரியப் போகுது, கரண்டு அடுப்புல டீ போடுற ஆளுக. கட்டைய வெட்டிக் குத்துக்கால் வச்சு அடுக்கணும். மேல வைக்கோலப் பரப்பி, ஈரமண்ணப் பூசி, பெரிய குமி மாதிரி மூடணும். அடியில தீ வச்சுட்டு, அங்கங்க துவாரம் விட்டு, காவல் இருக்கணும். உள்ள காத்துப் போயிரக் கூடாது. கட்டை எரியக் கூடாது, வேகணும். எரிஞ்சா சாம்பல், வெந்தா கரி. அம்புட்டுத்தான் தொழிலு. இத பாடமா வச்சு மூணு வருசம் நாலு வருசம் படிக்கிறாகளாம், காலக் கெரகம்.

உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்னு கேப்ப. புகையப் பாத்துத்தான். வெள்ளையாப் பொத்துக்கிட்டு வந்தா கட்டையில தண்ணி வத்துது. மஞ்சளிச்சா வேகுது. நீலமா, லேசா வந்தா கரியாயிருச்சு, துவாரத்த அடைச்சுட்டுப் போயி சோறு திங்கலாம். நடுவுல புகையே நின்னுபோச்சுன்னு வையி, தீ செத்துப்போச்சு. அப்ப ஓடணும். மண்ணத் தள்ளித் தொறந்து, மறுபடி தீ வச்சு மூடணும். அசந்தா அம்புட்டும் பாதி வெந்த கட்டை, கடைக்காரன் காறித் துப்புவான். நான் ஒரு மூட்டம் சாகவிட்டதில்ல. தூக்கத்துலகூட மூக்கு முழிச்சிருக்கும் எனக்கு.

இரு, தண்ணி குடிச்சுக்கிறேன். இந்த இருமல் ஒண்ணு. ஒண்ணுமில்ல, ரோட்டுப் புழுதி. மூட்டக்காரங்க எல்லாரும்தான் இருமுவோம். அதுக்காகத் தொழில விடுவாகளா?

முனீஸ்வரிக்கும் சின்னதுல இளைப்பு இருந்துச்சு. மூட்டம் போட்டா நெஞ்சு கீச்சு கீச்சுன்னு சத்தம் போடும். மரத்தடியில துணித்தொட்டில்ல போட்டிருந்தா காத்து அந்தப் பக்கம்தான் அடிக்கும், சனியன். ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா என்னைய வஞ்சுச்சு, புள்ளையப் புகையில போடுறியே நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு. நான் சொன்னேன், புகை இல்லேன்னா புள்ளைக்குப் பாலு இல்ல, நீ ஊத்துறியான்னு. மருந்துச் சீட்ட எழுதி நீட்டிருச்சு. அப்பறம் எம் மக வளந்தா, படிச்சா, இஞ்சினியரு காலேசுக்குப் போனா. அம்புட்டும் கரிக்காசுதான். லீவுக்கு வந்தா மூட்டத்துக்கிட்ட நின்னு புகையவே பாத்துக்கிட்டு நிப்பா. 'எம்புட்டும்மா வீணாப் போகுது'ம்பா. என்னடி வீணாப் போகுது? புகை. புகை வீணாப் போகுதாம்! நான் சிரிச்ச சிரிப்புல வேலைக்கு வந்த பொம்பளைக எல்லாம் சிரிச்சுருச்சுக.

அப்பறம் வந்தான் இவன். பூமிராசன். பேரு மட்டும் ராசன். கோயமுத்தூருல ஏதோ மோட்டாரு கம்பெனியில வேலை பாத்தானாம். இவளா பாத்துப் புடிச்சுக் கொண்டாந்து நிறுத்துனா. நானும் கட்டி வச்சேன், சீதனமாக் கரிசக்காட்டையும் குடுத்தேன். ஆளு எப்படிங்கற? வாய் இல்லாத ஆளு. திட்டுனாச் சிரிப்பான். பொண்டாட்டி ஏதாச்சும் சொன்னா நோட்டெடுக்கிற மாதிரி கேட்டுக்கிட்டு இருப்பான். காலையில எந்திரிச்சு அவன்தான் காப்பி போடுறான் தாயி. நான் கண்ணால பாத்தேன். ஒரு ஆம்பளை டம்ளர ஆத்திக் குடுக்குறான், இவ கட்டில்ல உக்காந்து படம் போட்டுக்கிட்டு இருக்கா. அந்த அண்டாவோட படம்தான். குழாய் எப்படிப் போகணும், கதவு எப்படி இருக்கணும்னு பேப்பர் பேப்பராப் போடுவா. இவன் சொல்லியிருப்பான், அவ போட்டிருப்பா.

என்ன? அவ செஞ்சதா? முனீஸ்வரியா? யாரு சொன்னா? ஒங்க காலேசுல அப்படியா சொல்லிக்கிறாக? போஸ்டருல பேரு போட்டிருந்துச்சா? அவ பேரு மட்டுமா, அவன் பேரு இல்லையா?

சரி, போடட்டும். போஸ்டருல என்ன வேணாப் போடுவாக.

அந்த அண்டாவுக்குள்ள காத்தே போகாதாம். கீழ அடுப்பு, மேல அண்டா. சூடுபட்டதும் புல்லுலருந்து புகை கெளம்பும்ல, அத வெளிய விடாம குழாய் வழியாத் திருப்பி அடுப்புக்கே கொண்டாந்து எரிக்கிறதாம். மிச்சப் புகையக் கொண்டுபோயி மிளகாய் காயவைக்கிற கூடத்துக்குச் சூடு குடுக்குறதாம். மருமகன் எனக்கு வெளக்குனான். 'அத்தை, புகைதான் அத்தை சரக்கு. கரி மிச்சம்'னான். கேட்டுக்கிட்டே இருந்தேன். 'ஏன் மாப்ளே, அப்ப சாம்பலுதான் சோறா?'ன்னேன். அதுக்கும் சிரிச்சான். என்னத்தச் சொல்ல அந்த ஜென்மத்த.

மிளகாய் சங்கத்துக்காரங்க வந்தது தை கடைசியில. இந்தப் பக்கம் பூராம் குண்டு மிளகாதான், தெரியுமில்ல? பழம் பறிச்சுக் களத்துல போடுற நேரத்துல ஒரு மழை அடிச்சாப் போதும், அம்புட்டும் பூசணம் புடிச்சுக் குப்பைக்குப் போகும். போன வருசம் ஒருத்தன் களத்துலயே உக்காந்து அழுதான். அதுனால கூடம் வச்சுக் காயப் போடலாம்னு சங்கத்துல பேச்சு. இவுக அண்டாவுலருந்து சூடு வாங்கிக்கிறதாப் பேச்சு. சங்கம் சரின்னுட்டா எம் மக பொழைச்சா. இல்லேன்னா கோயமுத்தூருக்கே போயிர வேண்டியதுதான், அதுதான் நெலைமை. எங்கிட்ட வாய்விட்டுச் சொல்லல. மொகத்தப் பாத்தாத் தெரியாதா? அவுக வந்த அன்னைக்கு வெடியக்காலத்துலருந்து ஒண்ணும் திங்கல. அண்டாவையே சுத்திச் சுத்தி வந்தா.

நான் போயிருந்தேன். கூப்புடல, போயிருந்தேன். எம் மகளுக்கு நாலு பெரிய மனுசங்க வாராக, நான் போகாம?

சங்கத் தலைவரு தனுக்கோடி, எனக்குக் கொழுந்தன் மொறை. அவரோட ஒரு வேன் நெறைய ஆளுக வந்து எறங்குனாக. எல்லாரும் விவசாயி, எல்லாரும் மூட்டம் பாத்த ஆளுக. முனீஸ்வரி நின்னு வெளக்குனா, நல்லாத்தான் பேசுனா, அத நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். அப்பறம் இவனும் அவளுமாச் சூடு எப்படி வருதுன்னு காட்ட, மாதிரிக்குக் கட்டியிருந்த கூடத்துக்குள்ள ஆளுகளக் கூட்டிக்கிட்டுப் போனாக. தனுக்கோடியும் இன்னும் ரெண்டு பேரும் மட்டும் அண்டாக்கிட்டயே நின்னாக. அவரு மேல குழாயப் பாக்குறாரு, என்னையப் பாக்குறாரு. 'என்ன மதினி, புகையவே காணோம்? தீ இருக்கா?'ங்கறாரு.

பாத்தேன். நெசந்தான். காலையில கொஞ்சம் வெள்ளையா வந்துச்சு, நான் பாத்தேன். இப்பச் சுத்தமா இல்ல. ஒரு இழை இல்ல. வானம் தொடச்சு விட்ட மாதிரி இருக்கு. தீ போச்சு தாயி. செத்துப்போச்சு. அம்புட்டுப் பேரையும் வரவச்சுட்டு, அந்தக் கூறுகெட்டவன் தீயச் சாகவிட்டுட்டு உள்ள நின்னு பேசிக்கிட்டு இருக்கான். இவுக திரும்பி வந்து பாத்தா எம் மக மொகத்த எங்க வச்சுக்குவா? தனுக்கோடி வேற பக்கத்துல நிக்கிறவன்கிட்ட ஏதோ சொல்லி, அவன் சிரிக்கிறான். எம் மக பொழப்பப் பாத்துச் சிரிக்கிறான்.

அவளக் கூப்புட்டிருக்கலாமேன்னு இப்ப எல்லாரும் கேக்குறாக. அத்தனை பேரு முன்னாடி கூப்புட்டு, 'அடியே தீ அணைஞ்சுபோச்சு'ன்னு கத்தச் சொல்றியா? அது மானக்கேடு இல்ல? சத்தமில்லாமத் தொறந்து, ஒரு கங்கப் போட்டு, மூடிட்டா முடிஞ்சுச்சு. நான் எத்தனை மூட்டத்த அப்படி எழுப்பியிருக்கேன். கதவுல ஒரு திருகு இருந்துச்சு. மண்டையோடு படமும் போட்டிருந்துச்சு. கரண்டு கம்பத்துலகூடத்தான் மண்டையோடு போட்டிருக்கான், அதுக்கடியிலதான ஆடு மேயுது? திருகுனேன். தொறந்தேன்.

பொம்முன்னு ஒரு சத்தம்.

அம்புட்டும் தீ. அண்டாவுக்குள்ள அப்படித் தீய நான் பாத்ததே இல்ல, வாயத் தொறந்துக்கிட்டு வெளிய வருது. என் புருவம் பொசுங்கிப்போச்சு, இந்தா பாரு, இப்பத்தான் மொளைக்குது. இதுதான் இவுக மிசினு! ஒரு கதவத் தொறந்தாப் பத்திக்கிற மிசின வச்சுக்கிட்டு ஊருக்குள்ள யாவாரம் பண்ண வந்துட்டாக. சமையக்கட்டுக் கதவக்கூடத்தான் நாளைக்கு நூறு தடவை தொறக்குறோம், பத்திக்கிதா?

அத விடு. என் வருத்தம் அது இல்ல. கூடத்துலருந்து ஓடியாந்தா முனீஸ்வரி. வந்தவ என்ன செஞ்சா தெரியுமா? என்னைய நெஞ்சுல கைய வச்சுத் தள்ளிவிட்டா. பெத்த தாயி. அம்புட்டுப் பேரு பாக்க. மல்லாக்க விழுந்தேன், முழங்கை தேஞ்சு ரத்தம். தள்ளிட்டு அந்தக் கதவப் புடிச்சா. ரெண்டு கையாலயும். பழுக்கக் காஞ்ச இரும்பு தாயி, வெறுங்கை. புடிச்சு, இழுத்துச் சாத்தி, திருகத் திருகுறா. விடல. கத்தவும் இல்ல. அவன் ஓடியாந்து ஈரச்சாக்கப் போட்டுப் புடிச்சு இழுக்குறான், திருகி முடிக்கிற வரைக்கும் அவ கைய எடுக்கல.

அவ ஏன் வந்து புடிக்கணும்? எரிஞ்சாப் புல்லுதான எரியும்? போனா இரும்புதான போகும்? நான் கதவுக்கு நேரா நின்னேனாம், அதுனாலயாம். அவன் சொல்றான். நான் வெலகியிருப்பேன்ல? எனக்குத் தெரியாத தீயா? அவ தள்ளியிருக்கவே வேண்டியதில்ல.

தனுக்கோடி வேன எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. ஆபத்தான சமாச்சாரம், யோசிக்கணும்னாராம். யோசிக்கிற மூஞ்சி.

ஆஸ்பத்திரியில ரெண்டு கையும் கட்டு. தலையணை ஒறை மாட்டுன மாதிரி வெள்ளையா ரெண்டு மூட்டை. நான் போயி பக்கத்துல நின்னேன். கண்ணத் தொறந்து பாத்தா. 'ஏம்மா தொறந்த?'ன்னு கேட்டா. 'புகை வரலையேடி'ன்னேன். வேற என்ன சொல்ல? அதுதான் நெசம்.  அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அம்புட்டுத்தான். அன்னையிலருந்து எங்கூடப் பேச்சில்ல. பங்குனி பொறந்துருச்சு. வாரா வாரம் கொழம்பு வச்சுக் கொண்டுபோறேன். வாசல்ல அவன்தான் வாங்குறான். 'வாங்கத்தை, உக்காருங்கத்தை'ங்கறான். அவ உள்ள இருப்பா. சன்னல் வழியாப் பாப்பேன். அவன் சோத்தப் பெசைஞ்சு ஊட்டுவான், அவ வாங்கிக்குவா. ஒரு ஆம்பளை உருட்டுற உருண்டையப் பாரு, எலுமிச்சங்கா அளவுக்கு! வாயில அடைக்கிறான். நான் ஊட்டி வளத்த வாயி தாயி அது. ஒரு நாளு, 'நான் ஊட்டட்டுமா'ன்னு வாசல்லருந்தே கேட்டேன். அவன் திரும்பி அவளப் பாத்தான். அவ தலைய ஆட்டுனா. வேணாம்னு.

அப்படி என்ன தாயி செஞ்சேன் அவளுக்கு? அவ மானம் போகக் கூடாதுன்னுதான செஞ்சேன்?

இப்ப மறுபடி வாராக சங்கத்துக்காரங்க. இன்னைக்குத்தான். எம் மருமகன், இந்தத் தெண்டம், தனுக்கோடி வீட்டுக்கு நடையா நடந்து கெஞ்சிக் கூட்டியாரான். ஒன்னையும் அதுனாலதான் இன்னைக்கு வரச் சொல்லியிருக்காக, இல்ல? எனக்கும் போன வாரமே சொல்லிட்டான். வாசல்ல நின்னு, தூக்குவாளியத் திருப்பிக் குடுத்துக்கிட்டே சொல்றான். 'அத்தை, எப்ப வேணா வாங்க. அடுப்பு ஏத்துற அன்னைக்கு மட்டும் வராதீங்க. அவ கேட்டுக்கச் சொன்னா'ன்னு. எங்கிட்ட! இந்தச் சில்லாவுல மூட்டத்துக்கிட்ட வராதன்னு எங்கிட்டச் சொல்ல ஒருத்தன் பொறந்திருக்கான். அதுனாலதான் கெளம்பி வாரேன். நான் வருவேன். நிப்பேன். யாரு கேக்குறதுன்னு பாக்குறேன்.

இந்தா, புளியமரம் வந்துருச்சு. இதத் தாண்டுனா விலக்குதான். பைய எடுத்துக்க. கொஞ்சம் சாஞ்சுக்க, நான் பாக்கணும். அந்தா தகரக்கொட்டாய் தெரியுதா, அதுக்குப் பின்னாடிதான் அண்டா. குழாய் தெரியுதா? வேனு வந்து நிக்கிது பாரு. ஆளுக நிக்கிறாக.

புகை இல்ல.

தாயி, ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ல, பாத்துச் சொல்லு. குழாய்க்கு மேல பாரு. ஒண்ணும் இல்லைல? லேசாக்கூட இல்லைல?

செத்துருச்சு. எனக்குத் தெரியும்ல, அவனுக்குத் தீ வைக்கத் தெரியாது. நான் எறங்கி...

இரு.

இல்ல. நீ எறங்கு. நான் எறங்கல. கண்டக்டர் தம்பி, எனக்குக் கமுதிக்கு ஒரு டிக்கெட்டுக் கிழி. ஆமாப்பா, விலக்குக்குத்தான் எடுத்தேன், இப்பக் கமுதிக்குப் போறேன், ஒனக்கு என்ன நட்டம்? கமுதியில எனக்கு ஆயிரம் சோலி இருக்கும். என்ன தாயி அப்படிப் பாக்குற? எறங்குனா என் கை சும்மா இருக்காது. அம்புட்டுத்தான், வேற ஒண்ணும் இல்ல.

இந்தா, இந்தத் தூக்குவாளியப் புடி. சாய்க்காமக் கொண்டுபோ. யாரு குடுத்தான்னு சொல்ல வேணாம், வாயில வச்சா அவளுக்கே தெரியும். கேட்டா மட்டும் சொல்லு. ஒங்கம்மா பஸ்ஸுக்குள்ளயே இருந்து பாத்தா, புகை வரலேன்னு சொன்னான்னு சொல்லு.

ஓடு, விசில் ஊதிட்டான். ஏய் தாயி! இங்க பாரு! அது காரப்பொடி மீனு, பூராம் முள்ளு. அந்தக் கூறுகெட்டவன்கிட்டச் சொல்லு, முள்ளப் பாத்து எடுத்துட்டு, உருண்டையச் சின்னதா உருட்டி ஊட்டச் சொல்லு.